மெழுகுவர்த்தி: குறையும் காரணமும்

பினாங்கு மாநிலத்தின் தலைநகரமான ஜார்ஜ்டவுனில் மெழுகுவர்த்தி பல சமயத்தாரின் வழிபாட்டோடு கலந்திருக்கிறது. ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங்கில் உள்ள குவான் யின் ஆலயத்தில், ஊதுவத்திப் புகைக்கிடையே சிவப்பு மெழுகுவர்த்திகள் எரிகின்றன. தமிழ்க் கத்தோலிக்கர்களோடு நெடுங்காலத் தொடர்புடைய புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயமும் இந்நகரில் உள்ளது. அங்கும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வோர் உண்டு. விசாக தினத்தன்று புலாவ் திக்குஸ் வட்டாரத்துப் பௌத்த ஆலயங்களில் பக்தர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். கடலுக்கு அப்பால், புக்கிட் மெர்தாஜாமில், ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடைபெறும் புனித அன்னாள் திருவிழாவில் மக்கள் மெழுகுவர்த்தி ஏந்திப் பவனி செல்கின்றனர்.

வழிபாட்டுக்கு உரியதாக இருந்த மெழுகுவர்த்தி இன்று வீட்டுக் கைத்தொழிலாகவும் வளர்ந்துள்ளது. கண்ணாடிக் குவளையில் ஊற்றப்பட்ட நறுமண மெழுகுவர்த்திகளைப் பலர் வீட்டிலேயே செய்து அன்பளிப்பாகத் தருகின்றனர். சந்தைகளிலும் இணையத்திலும் விற்கின்றனர். செய்முறை எளிதாகவே தோன்றும். மெழுகை உருக்க வேண்டும். திரியை நடுவில் நிறுத்த வேண்டும். உருகிய மெழுகை ஊற்றி ஆறவிட வேண்டும். ஆயினும், முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். மெழுகின் நடுவில் பள்ளம் விழுகிறது. ஏற்றிய சுடர் சற்று நேரத்தில் அணைகிறது. சில வேளைகளில் கரும்புகை எழுந்து சுவரில் படிகிறது.

இத்தகைய குறைகள் தற்செயலாக ஏற்படுபவை அல்ல. மெழுகு, திரி, வெப்பம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மற்றவற்றோடு பொருந்தாதபோது குறை தோன்றுகிறது. எனவே, குறையைக் கண்டதும் மெழுகுவர்த்தியைத் தூக்கி எறியாமல், காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

மெழுகுவர்த்தி எரியும் முறை

காரணத்தைத் தேடுவதற்கு முன், மெழுகுவர்த்தி எவ்வாறு எரிகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். திரிதான் எரிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் எரிபொருளாக இருப்பது மெழுகே. சுடரின் வெப்பத்தால் திரியைச் சுற்றியுள்ள மெழுகு உருகிச் சிறு குளம்போல் தேங்குகிறது. அந்த நீர்ம மெழுகு, திரியின் நூல்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியாக மேலே ஏறுகிறது. தீபாவளியன்று ஏற்றும் அகல் விளக்கில் எண்ணெய் திரியில் ஏறுவதும் இதே நுண்புழை ஏற்றத்தால்தான். மேலே ஏறிய மெழுகு சுடரின் வெப்பத்தில் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றில் உள்ள உயிர்வளியுடன் சேர்ந்து எரிகிறது.

ஆங்கிலேய அறிவியலாளரான மைக்கேல் பாரடே, இலண்டனில் உள்ள அரச நிறுவனத்தில் இளையோருக்காக மெழுகுவர்த்தியைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அச்சொற்பொழிவுகள் 1861இல் நூலாக வெளிவந்தன. இப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியிலிருந்து எழும் வெண்புகைக்கு அருகில் தீயைக் கொண்டுசென்றால், தீ புகைவழியே தாவித் திரியை மீண்டும் பற்றிக்கொள்ளும் என்பதை அவர் காட்டினார். அந்தப் புகை எரியக்கூடிய மெழுகின் ஆவி என்பது இதனால் விளங்குகிறது.

நன்றாக எரியும் மெழுகுவர்த்தியில் ஒரு சமநிலை உண்டு. சுடர் உருக்கும் மெழுகின் அளவும் திரி உறிஞ்சும் மெழுகின் அளவும் ஒத்திருக்க வேண்டும். உருகுவது மிகுந்தால் திரி மூழ்கும். உறிஞ்சுவது மிகுந்தால் சுடர் பெரிதாகிப் புகையும். எரியும்போது தோன்றும் பெரும்பாலான குறைகள் இந்தச் சமநிலை குலைவதால் வருபவை.

மெழுகின் வகைகள்

கடைகளில் பல வகை மெழுகுகள் கிடைக்கின்றன. கனிம எண்ணெயிலிருந்து பெறப்படும் பாரபின் மெழுகு, வகைக்கேற்ப ஏறத்தாழ 46 முதல் 68 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். சோயா மெழுகில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் குவளையில் ஊற்றுவதற்கென்று செய்யப்படுபவை பொதுவாக மென்மையானவை. குறைந்த வெப்பத்திலேயே உருகுபவை.

மலேசியாவுக்கு நெருக்கமான மற்றொரு மெழுகும் உண்டு. செம்பனை எண்ணெயிலிருந்து பெறப்படும் ஸ்டியரிக் அமிலமும் செம்பனை மெழுகும் மெழுகுவர்த்தி செய்யப் பயன்படுகின்றன. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு சிலாங்கூரில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில் உருவானது. பிற்காலத்தில் செம்பனைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உழைத்தன. அம்மரத்தின் பழத்திலிருந்து சமையல் எண்ணெய், சவர்க்காரம், மெழுகுவர்த்தி ஆகிய மூன்றும் கிடைக்கின்றன.

ஒவ்வொரு மெழுகும் தனித்தனி இயல்பு உடையது. ஒரு மெழுகுக்குப் பொருந்திய திரி வேறொரு மெழுகுக்குப் பொருந்தாமல் போகலாம். எனவே, மெழுகை மாற்றினால் திரியையும் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தோற்றத்தில் காணும் குறைகள்

வீட்டில் செய்த மெழுகுவர்த்தியில் முதலில் கண்ணில் படுவது நடுவில் விழும் பள்ளமாகும். உருகிய மெழுகு குளிர்ந்து உறையும்போது சுருங்குகிறது. குவளையின் ஓரத்தில் உள்ள மெழுகு முதலில் உறைகிறது. நடுப்பகுதி கடைசியாக உறைகிறது. சுருக்கத்தால் உண்டாகும் வெற்றிடம் திரியின் அருகில் பள்ளமாகத் தெரிகிறது. சில வேளைகளில் பள்ளம் வெளியே தெரியாமல் உள்ளேயே குழியாக மறைந்திருக்கும். இதைத் தவிர்க்க, ஊற்றும்போது சிறிதளவு மெழுகை மீதம் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்பரப்பு உறையத் தொடங்கியதும் திரியின் அருகில் மெல்லிய குச்சியால் இரண்டு மூன்று துளைகள் இட்டு, மீதமுள்ள மெழுகை உருக்கி ஊற்றினால் பள்ளம் நிரம்பிவிடும்.

மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றினால், மெழுகு மிக விரைவாகக் குளிர்ந்தது என்று பொருள். அவசரப்பட்டுக் குவளையைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்களும், சுழலும் மின்விசிறியின் கீழ் வைப்பவர்களும் இக்குறையைக் காண்பர். மெழுகு அறை வெப்பத்தில் மெல்ல ஆறுவதே நல்லது.

அதேவேளையில், சுருக்கம் எப்போதும் தீமையன்று. அச்சில் ஊற்றிய மெழுகுவர்த்தி முழுமையாக உறைந்த பின்னும் வெளியே வர மறுத்தால், அச்சைச் சில நிமிடங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். மெழுகு மேலும் சுருங்கி அச்சின் சுவரைவிட்டு விலகும். குவளையில் பள்ளத்தை உண்டாக்கும் அதே சுருக்கம் அச்சில் கை கொடுக்கிறது.

சோயா மெழுகிலும் செம்பனை மெழுகிலும் வெண்பனி படர்ந்தது போன்ற தோற்றம் சில நாள்களில் தோன்றலாம். இது பூஞ்சணம் அன்று. மெழுகு உறையும்போது உருவாகும் நுண்படிகங்களே ஆகும். அடர்ந்த வண்ணம் சேர்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும். வெண்மையாகவே விட்டுவிட்டால் கண்ணுக்குப் புலப்படாது. இனி, கண்ணாடிக்கும் மெழுகுக்கும் இடையே ஈரம் படிந்தது போன்ற திட்டுகள் தோன்றுவதும் உண்டு. மெழுகு அந்த இடத்தில் கண்ணாடியைவிட்டு விலகியிருப்பதே இதற்குக் காரணம். குவளையைத் துடைத்து உலர்த்தி, சற்று வெதுவெதுப்பாக்கி ஊற்றினால் இத்திட்டுகள் குறையும்.

வண்ணம் சேர்ப்பதிலும் தவறு நேர்வதுண்டு. சமையலுக்குப் பயன்படும் நீர்ம வண்ணம் மெழுகில் கரையாமல் அடியில் துளித்துளியாகத் தங்கிவிடும். வண்ண மெழுகுக்கோலை உருக்கிச் சேர்த்தால் அதிலுள்ள நிறத்துகள்கள் திரியின் நுண்ணிடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். சுடர் சிறுத்து அணையும். மெழுகுக்கென்றே செய்யப்பட்ட சாயத்தைப் பயன்படுத்துவதே முறை.

எரியும்போது காணும் குறைகள்

மேலே சொன்னவற்றுள் பள்ளம், வெடிப்பு, வெண்படலம், திட்டு ஆகியவை பெரும்பாலும் அழகைக் குறைப்பவை. எரியும்போது தோன்றும் குறைகளோ பாதுகாப்பையும் பாதிக்கக்கூடியவை. இவ்வேறுபாட்டை மெழுகுவர்த்தி செய்பவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது குறை, நடுவில் மட்டும் குழி விழுந்து ஓரத்து மெழுகு உருகாமல் நிற்பது. குவளையின் அகலத்திற்குத் திரி மெல்லியதாக இருந்தால் இவ்வாறு நேரும். முதன்முறை ஏற்றியவுடன் விரைவில் அணைத்துவிடுவதும் ஒரு காரணமாகும். முதல்முறை எரியும்போது உருகிய மெழுகு குவளையின் ஓரத்தை எட்ட வேண்டும். விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செண்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கணக்கிடுவது வழக்கம். 7.5 செண்டிமீட்டர் அகலமுள்ள குவளைக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் தேவைப்படும். குழி விழுந்த மெழுகுவர்த்தியைச் சுடுகாற்றுக் கருவியால் மேற்பரப்பை உருக்கிச் சமப்படுத்தலாம்.

இரண்டாவது குறை, சுடர் சிறுத்துத் தானாகவே அணைவது. உருகிய மெழுகை எரித்து முடிக்கும் அளவுக்குத் திரிக்கு ஆற்றல் இல்லாதபோது அது மூழ்கிவிடுகிறது. திரியை மிகக் குட்டையாக வெட்டினாலும் இதே விளைவுதான். அணைந்த பின், உருகிய மெழுகில் சிறிதளவைத் தாளால் ஒற்றி எடுத்துவிட்டு மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம். அப்போதும் அணைந்தால், அடுத்த முறை தடித்த திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது குறை, கரும்புகை. திரி மிகவும் தடித்தோ நீண்டோ இருந்தால், எரிவதற்குக் கிடைக்கும் காற்றைவிட மெழுகின் ஆவி மிகுந்துவிடும். எரியாமல் எஞ்சும் கரித்துகள்கள் புகையாக எழுந்து குவளையின் விளிம்பிலும் சுவரிலும் படிகின்றன. திரியின் நுனியில் காளான் வடிவில் கரிக்கட்டி தோன்றுவதும் இதன் அறிகுறியே. ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் திரியை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உயரத்திற்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிய பின்னும் சுடர் உயர்ந்து எரிந்தால் திரியின் தடிமனே காரணம். அத்தகைய மெழுகுவர்த்தியைப் பயன்படுத்தக் கூடாது. குவளை அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கக்கூடும்.

பழங்காலத்தில் திரியின் கரிந்த நுனியை மக்கள் அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1820களில் பிரான்சு நாட்டில் பின்னல் திரி உருவாக்கப்பட்டது. அது எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, நுனி சுடரின் வெளிப்புற வெப்பத்தில் எரிந்து தீர்ந்துவிடும். இன்று பயன்படும் பருத்தித் திரிகள் பலவும் இப்பின்னல் முறையில் அமைந்தவையே.

நான்காவது குறை, சுடர் ஆடுவதும் மெழுகு ஒரு பக்கம் மட்டும் உருகுவதும். மெழுகுவர்த்தியைச் சுற்றிச் சீராக மேலெழும் காற்று, ஓரத்து மெழுகைக் குளிர்வித்து அதைக் கிண்ணம்போல் காக்கிறது என்று பாரடே விளக்கினார். பக்கவாட்டில் காற்று வீசினால் அந்தக் கிண்ணம் ஒரு பக்கம் உடைந்து மெழுகு வழியும். மின்விசிறி ஓயாது சுழலும் நம் வீடுகளில் இது இயல்பாக நேரும். எனவே, திரியை மாற்றுவதற்கு முன், மெழுகுவர்த்தியைக் காற்றோட்டம் குறைந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது குறை, சடசடவென்ற ஒலியும் மெழுகு தெறிப்பதும். மெழுகிலோ திரியிலோ நீர்த்துளி கலந்திருப்பதே இதற்குக் காரணம். பினாங்கின் ஈரமான காற்றில் திறந்து வைத்த பருத்தித் திரி ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். திரிகளை மூடிய டப்பாவில் வைப்பதும், பாத்திரங்களை நன்கு துடைத்து உலர்த்துவதும் தேவை.

நறுமணமும் வெப்பமும்

மணம் வீச வேண்டும் என்ற ஆவலில் நறுமண எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றுவோர் உண்டு. ஒவ்வொரு மெழுகும் ஓர் எல்லை வரைதான் எண்ணெயைத் தாங்கும். பொதுவாக மெழுகின் எடையில் 6 முதல் 10 விழுக்காடு வரை சேர்ப்பர். மெழுகை விற்பவர் குறிப்பிடும் அளவே இறுதியானது. அளவு மிகுந்தால் எண்ணெய் மேற்பரப்பில் வியர்வைபோல் துளிர்க்கும். அது எரியக்கூடிய பொருள் என்பதால் சுடர் திடீரென்று பெரிதாகும் ஆபத்தும் உண்டு.

இங்கே அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். 200 மில்லிலீட்டர் குவளையில் ஏறத்தாழ 180 கிராம் மெழுகு கொள்ளும்; ஏனெனில் மெழுகு நீரைவிட இலேசானது. 180 கிராம் மெழுகுக்கு 6 விழுக்காடு எண்ணெய் என்பது 10.8 கிராம் ஆகும். உடலில் பூசும் வாசனைத் திரவியத்தை மெழுகில் சேர்க்கவே கூடாது. அதில் உள்ள ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்.

நம் நாட்டு வெப்பநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். பினாங்கில் பகல் வெப்பம் பெரும்பாலும் 31, 32 பாகையை எட்டுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அதைவிட மிகவும் சூடாகும். குறைந்த வெப்பத்தில் உருகும் மெழுகு அங்கே இளகிச் சாயும். குளிர்நாட்டுச் செய்முறைக் குறிப்பை அப்படியே பின்பற்றுவோர் இதனால் குழம்புகின்றனர். அங்குக் குளிர்ந்த அறைக்குப் பொருந்திய மெழுகு இங்குப் பொருந்தாமல் போகலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

குறையின் காரணத்தை உறுதிசெய்யச் சிறந்த வழி சோதனையே. சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். சான்றாக, குழி விழும் மெழுகுவர்த்தியைச் சீர்செய்ய விரும்புபவர், ஒரே அளவுள்ள மூன்று குவளைகளில் ஒரே மெழுகை ஒரே எடையில், ஒரே வெப்பநிலையில் ஊற்றலாம். திரியின் தடிமன் மட்டும் மூன்றிலும் வேறுபட வேண்டும். மூன்றையும் ஒரே இடத்தில் ஏற்றி, ஒவ்வொரு மணி நேரமும் உருகிய மெழுகின் அகலம், சுடரின் உயரம், புகை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மெழுகு, திரி, எண்ணெயின் அளவு ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றினால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. அறிவியல் பாடத்தில் கையாளப்படும் மாறிகள் இங்கே சமையலறை மேசையில் பயன்படுகின்றன.

பாதுகாப்பு

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து உருக்கக் கூடாது. ஏறத்தாழ 200 பாகையைத் தாண்டிச் சூடேறினால் பல மெழுகுகளின் ஆவி தீப்பற்றக்கூடும். நீர் கொதிக்கும் பாத்திரத்திற்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்து அதில் மெழுகை உருக்க வேண்டும். நீர் 100 பாகையில் கொதிப்பதால், நீர் வற்றாதவரை மெழுகு அதற்கு மேல் சூடேறாது. வெப்பமானி கையருகே இருக்க வேண்டும். அடுப்பைவிட்டு அகலக் கூடாது. மாணவர்கள் பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டுமே இதனைச் செய்ய வேண்டும்.

மெழுகு தீப்பற்றிவிட்டால் அதன்மேல் நீரை ஊற்றவே கூடாது. சூடான மெழுகைவிட நீர் கனமானது என்பதால் அது அடியில் இறங்கி, நொடிப்பொழுதில் நீராவியாகும். நீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரிகிறது. அந்த விரிவு எரியும் மெழுகை நாற்புறமும் வீசி எறியும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடிக் காற்றைத் தடுக்க வேண்டும். தீ அடங்காவிட்டால் வெளியேறி 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். மீந்த மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அது குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். தாளில் ஊற்றி ஆறவிட்டு அப்புறப்படுத்துவதே முறை.

ஜார்ஜ்டவுனில் இவ்வெச்சரிக்கை இன்னும் பொருள் பொதிந்தது. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இந்நகரில், பழைய கடைவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசைகளாக நிற்கின்றன. பல வீடுகளின் மேல்தளமும் படிக்கட்டும் மரத்தால் ஆனவை. ஒரு வீட்டில் பற்றிய தீ அண்டை வீட்டாரையும் அச்சுறுத்தும்.

மெழுகுவர்த்தி செய்பவரின் பொறுப்பு இங்கிருந்தே தொடங்குகிறது. விற்பனைக்கோ அன்பளிப்புக்கோ கொடுக்கப்பட்ட மெழுகுவர்த்தி, அதைச் செய்தவர் இல்லாத ஓர் அறையில் எரிகிறது. அங்கே குழந்தைகள் இருக்கலாம். சன்னல் திரைச்சீலை அருகில் இருக்கலாம். நடுவில் சிறு பள்ளம் விழுந்த மெழுகுவர்த்தியை வாங்கியவர் பொறுத்துக்கொள்வார். சுடர் உயர்ந்து குவளை வெடித்தால் அதைச் சீர்செய்ய இயலாது. எனவே, புதிய வகை மெழுகுவர்த்தி ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பதற்கு முன், அதே வகையில் ஒன்றைத் தம் வீட்டிலேயே கண்காணிப்போடு முழுவதுமாக எரித்துப் பார்ப்பது செய்பவரின் கடமை. திரியை வெட்ட வேண்டிய அளவு, தொடர்ந்து எரிய விடக்கூடிய நேரம், காற்று வீசும் இடத்தைத் தவிர்த்தல் ஆகியவற்றைச் சிறு சீட்டில் எழுதி உடன் கொடுப்பதும் நன்று. வாங்கியவர் அச்சீட்டைப் படித்து, திரியை வெட்டி, மேசையின் நடுவில் வைத்து ஏற்றும்போதுதான் அந்த மெழுகுவர்த்தியின் வேலை முழுமை பெறுகிறது.